எலும்பு பிடிக்கும் வரை

ஆவுடையப்பனின் கீழ்த்தாடையில் திருகாணி போன்ற ஒன்றைப் பதித்துவிட்டு, "உங்களுக்கு சுகர் இருக்கு. எலும்பு இதைக் கெட்டியாப் பிடிக்க நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் சுகர் ஏறக் கூடாது. அப்புறந்தான் மேல பல்லு மாட்ட முடியும்" என்றார் பல் மருத்துவர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தெரிந்ததும், தினமும் போனில் விசாரிக்கும்படி நர்ஸ் எஸ்தரிடம் சொன்னார்.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு போன் வந்தது. "வெறும் வயித்துல எவ்வளவு சார் இருக்கு?" என்பாள். விரலைக் குத்திப் பார்த்து வைத்திருந்ததைச் சொல்வார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்பாள். மனைவி போன பிறகு அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகவே சோற்றைக் குறைத்தார்; சுண்டல் அவித்தார்; எதிர்வீட்டில் கொடுத்த அதிரசத்தைக் காக்கைக்கு வைத்தார்.

நான்காம் மாதம் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், "எலும்பு நல்லாப் பிடிச்சிருக்கு" என்று சிரித்தார். பல்லை மாட்டியதும், "இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார்.

அடுத்த நாள் ஏழு மணிக்கு போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஏழேகால் வரை பொறுத்திருந்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"என்ன சார், புதுப் பல்லு எதுவும் வலிக்கா?" என்று பதறினாள் எஸ்தர்.

அவர் நாக்கால் பல்லை அழுத்திப் பார்த்தார். அது கொஞ்சமும் அசையவில்லை.

"ஆமாம்மா, லேசா" என்றார்.