கிணற்றுக் கேள்வி

சங்ககிரிப் பள்ளி ஆசிரியர் அறையில், ரஞ்சிதா டீச்சரின் கேள்வித்தாள் மேல் மாலை வெயில் கிடக்கிறது. ‘முன்பு நம் ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரைத் தண்ணீர் சேந்த விடவில்லை, ஏன்?’ இதைப் பிள்ளைகளிடம் கேட்கவே கூடாதென்று இதுவரை மல்லுக்கட்டிய முருகானந்தம் சார், வாசலில் ஒரு மாணவனின் தகப்பனார் வந்து நின்றதும் வாயை மூடிக்கொள்கிறார். “கேள்வியை எடுங்க. இல்லீனா டீச்சரை மாத்தச் சொல்லி மனுக் குடுப்போமுங்க.” சார் ஆறிய டீயின் ஆடையை விரலால் ஒதுக்குகிறார். “அது எங்க பாடமுங்க. மனுவுல எம்பேரை மொதல்ல போடுங்க, நாந்தான் சீனியர்.” வெளியே லாரி ஹாரன் நீளமாக முழங்கி ஓய்கிறது, வந்தவரின் செருப்புச் சத்தம் படியிறங்குகிறது. மாட்டுத் தரகர் விலை வெளியே தெரியாதபடி பேரம்பேசும் கைமேல் துண்டைப் போடுவதுபோல, சார் கதவைச் சாத்துகிறார். “சண்டைய எங்க உட்டோம் டீச்சர்?” “கிணத்தடியிலதானுங்க சார்” என்று சிரித்தபடி ரஞ்சிதா நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.