என்ன வேணும்?

“படம் போட்ட கதைப் புத்தகமா?” என்று கேட்டார் நூலகர்.

“ஆமா சார். இப்பதான் எழுத்துக் கூட்டற கட்டம். பெரிய எழுத்தா இருந்தா தேவலை” என்றாள் அவள்.

“சிறுவர் பிரிவுன்னா பொறுப்பாளர் வேணும்மா.”

“நான்தான் சார்” என்று இரண்டு உறுப்பினர் எண்களை எழுதி நீட்டினாள்.

அவர் தட்டினார். கம்ப்யூட்டர் மூன்று முறை மறுத்தது.

“இவருக்கு மேல உங்களைப் போட்டா, உங்களுக்கு மேல ஏற்கெனவே இவர்தான் பொறுப்பாளரா இருக்கார். செக்குமாடாட்டம் சுத்திச் சுத்தி வருதாம்.”

“எனக்கு ஏழு வயசுல இவர்தான் கையெழுத்துப் போட்டார் சார். இதே மேஜைதான். எட்டலைன்னு என்னைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டார்.”

பக்கவாதத்தில் எழுத்தையெல்லாம் தொலைத்துவிட்ட அப்பா, பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ஒரு புத்தக அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பழைய பதிவை எடுத்தாத்தான் வழி. எடுத்துடவா?”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “எடுத்துடுங்க சார்.”

திரையில் நிரப்ப வேண்டிய அடுத்த கட்டம், உறவு. நூலகர் எட்டிப் பார்த்தார். “பெரியவரே, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

பிறந்த நாள் முதல் அவளைக் கூப்பிடும் வார்த்தையையே அப்பா சொன்னார்.

“அம்மா.”

நூலகர் திருத்தவில்லை. அப்படியே தட்டினார். கம்ப்யூட்டரும் இந்த முறை மறுபேச்சுப் பேசவில்லை.