வெட்டச் சொன்ன படம்

சிவகாசி அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்யும் நசிமாவுக்கு, காலண்டர் அடிக்க வந்திருந்த பெரியவர் சொன்னது புரியவேயில்லை.

கம்ப்யூட்டர் திரையில் 1940-களில் எடுத்த படம். விமானத்தில் முகத்தை மறைக்கும் கண்ணாடியோடு பைலட். கீழே, கையெல்லாம் கிரீஸோடு மெக்கானிக்.

“பைலட்டை வெட்டிரும்மா. மெக்கானிக் போதும்.”

“ஐயா, மாத்திச் சொல்றீகளோ? 2004 காலண்டருக்குப் பைலட் இருந்தாத்தானே எடுப்பா இருக்கும்?”

“சரியாத்தாம்மா சொல்றேன்.”

“மெக்கானிக் உங்க அப்பாவா?”

“இல்ல. சொந்தமே கிடையாது. பேரு சிலுவைமுத்து.”

நசிமாவுக்குக் குழப்பம் கூடியது. “அப்ப, பைலட் மேல ஏதும் கோவமா?”

பெரியவர் சிரித்துவிட்டார். “அவன் மேல எனக்கென்ன கோவம்? அது நான்தாம்மா.”

நசிமா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவரு பழுது பாத்து அனுப்புன விமானத்துலதான் ஒவ்வொரு தடவையும் உசுரோட திரும்புனேன். இதே படத்துல பேப்பர்காரவுக இவரை வெட்டிட்டு என்னை மட்டும் போட்டாக. பொண்டாட்டிக்கு அனுப்பணும்னு இவரு அந்தப் பேப்பரை ஆசையா வாங்கிட்டு வந்தாரு. பிரிச்சுப் பாத்துட்டு, அனுப்பாமலே மடிச்சு வச்சிட்டாரு.”

நசிமா பைலட்டை வெட்டினாள். சிலுவைமுத்துவைத் திரை நிறையப் பெரிதாக்கினாள்.

“பேரு எங்கன போடட்டும் ஐயா?”

பெரியவர் திரையில் அந்த மனிதரின் காலடியைத் தொட்டுக் காட்டினார்.