ஒரு விரல் இடைவெளி

டயரின் உள்பக்கத்தில் சுண்ணாம்பால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு. உத்தமன் செல்போனைக் காருக்கு அடியில் நீட்டி எடுத்த படம் அது. அதைக் கடை முதலாளி தத்தா பாபுவின் மூக்குக்கு நேராகப் பிடித்தான்.

“ரப்பர் தேஞ்சு உள்ள நூல் தெரியுது. ஹைவேல வெடிச்சா யார் பதில் சொல்றது?”

டாலிகஞ்சில் வீல், டயர் மாற்றுகிற கடை. பேச்செல்லாம் பெங்காலியில்தான். ஆறு வருடத் துறைமுக வேலையில் உத்தமனுக்குப் பெங்காலி நன்றாக வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும்.

திங்கட்கிழமையிலிருந்து காரில் சத்தம். இடப்பக்கம் திருப்பினால் முன் சக்கரத்தில் ‘கர்ர், கர்ர்’ என்று கேட்கிறது. ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கிய கார் அது; வீல் அளவு கொஞ்சம் பிசகினாலும் எங்கேயாவது உரசும். போன சனிக்கிழமை அளவு பார்த்து வீலும் டயரும் போட்டவன் கடை மெக்கானிக் மது. ஆக, குற்றவாளியைத் தேட வேண்டிய வேலையே இல்லை.

நியாயமாகச் சொன்னால், மது அன்று இரண்டு மணி நேரம் மன்றாடியிருந்தான். உத்தமன் ஆசைப்பட்டது பட்டையான பதினேழு இஞ்ச் வீல். அது வெளியே தள்ளி நின்றால் மட்கார்டைக் கிழிக்கும், உள்ளே போனால் ஸ்பிரிங்கில் இடிக்கும் என்று மது பதினாறிலேயே பிடிவாதமாக நின்றான். காரில் நாலு பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே தன் ஆள்காட்டி விரலை விட்டுக் காட்டினான். இந்த ஒரு விரல் இடைவெளி இருக்கிறவரை ஆயுசுக்கும் உரசாது என்றான். சொன்ன வாய்தான் இப்போது மாட்டிக்கொண்டிருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சத்தமே இல்லையே என்று மது மெல்லக் கேட்டுப் பார்த்தான். இரண்டு நாளில் உன் வேலை பல்லைக் காட்டிவிட்டது என்று உத்தமன் அவன் வாயை அடைத்தான்.

உத்தமனின் அம்மா நீலாவதி ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. புது வீலோடு காரைப் பார்த்ததும், அலிப்பூர் குவார்ட்டர்ஸே கண் வைக்கிறது, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியே ஆக வேண்டும் என்று நின்றவர். இத்தனை அழகான வீலைப் போட்டுவிட்டு மூக்கில் மிளகாய் தொங்கவிடவா, அதெல்லாம் என் கண்ணில் படவே கூடாது என்று மகன் கத்தினான். ஞாயிற்றுக்கிழமை காளிகாட் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒருவழியாகச் சமாதானம் பண்ணினான்.

“என்னப்பா சொல்றாங்க?” என்றார் இப்போது.

“நீ சும்மா இரும்மா.”

தத்தா பாபுவின் குரல் உயர்ந்தது. வீலைக் கழற்று, உன் அளவு தப்பென்றால் இன்றோடு உனக்கு இங்கே வேலை இல்லை என்றார் மதுவிடம். நீலாவதிக்குப் பெங்காலியில் தெரிந்த ஒரே வார்த்தை ‘பாலோ’. நல்லது என்று அர்த்தம். ஏதோ பெரியவர் பேசுகிறாரே என்று மரியாதைக்குச் சிரித்து, “பாலோ, பாலோ” என்றார். மது அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான். பாவம், மகளை இந்த மாதம்தான் பள்ளியில் சேர்த்திருந்தான்.

கடையின் பெயர் போட்ட நீலச் சட்டையைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தான். பனியனோடு தரையில் படுத்து, அதே ஆள்காட்டி விரலை டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே விட்டான்.

விரல் போகவில்லை.

தத்தா பாபு சட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உத்தமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மது ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினான். வீலைக் கழற்றித் தரையில் சாய்த்து, கட்டை விரலில் எச்சில் தொட்டு அந்த வெள்ளைக் கோட்டைத் தேய்த்தான். கோடு அழிந்துவிட்டது. கீழே ரப்பர் புதுசாக, கறுப்பாக இருந்தது.

அப்புறம்தான் சக்கரம் இருந்த இடத்துக்குள் தலையை விட்டான். இருட்டில் ஸ்பிரிங்கைத் தடவி, நிதானமாக ஒரு முடிச்சை அவிழ்த்தான். வெளியே எடுத்ததை நெற்றியில் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மேஜைமேல் வைத்தான்.

கறுப்புக் கயிற்றில் கட்டிய ஒரு கறுப்புத் துணி முடிச்சு. ஒரு பக்கம் தேய்ந்து கிழிந்து, உள்ளே இருந்த வெள்ளைக் கல் தெரிந்தது. மது முதலாளியின் கைக்கு அடியிலிருந்து தன் சட்டையை உருவிப் போட்டுக்கொண்டான்.

இது என்ன என்று தத்தா பாபு உத்தமனைக் கேட்டார். அரை மணி நேரமாகப் பொரிந்து தள்ளிய உத்தமனுக்கு இப்போது பெங்காலியே வரவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

“அம்மா... இது?”

“திருஷ்டிக்குக் கட்டின படிகாரம்ப்பா. உன் கண்ணுல படக் கூடாதுன்னியே, அதான் உள்ள கையை விட்டுக் கட்டினேன்.”