சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. பட்டறையில் பாடி கட்டி, மாலை போட்டு வாசலில் நிற்கும் புது லாரியில் நந்தகுமார் ஏறி உட்கார்ந்து, ராகு காலம் பிறப்பதற்குள் பழத்தை நசுக்கி வண்டியை நகர்த்த வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

"கிருத்திகாவுக்கு மறுக்கா வந்திருச்சுங்க. சித்த இருங்க, வந்தர்றேன்" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, நந்தகுமார் பொண்டாட்டியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினான்.

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஊருக்கே தெரிந்த சமாச்சாரம்தான். திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்தேன் என்று உடம்பு உதறும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும். காத்து கருப்பு என்று மாமியார் ஆத்தாயி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

போன அமாவாசைக்குப் பூசாரியிடம் கூட்டிப்போனார்கள். அந்த ஆள் தன் வாயில் ஊற்றிக் கொப்பளித்த தண்ணீரை, மந்திரித்த தண்ணீர் என்று கிருத்திகாவைக் குடிக்கவைத்தான். வெற்றிலை எச்சில் சிவப்பாக மேலே மிதந்தது. சீ! நந்தகுமார் பக்கத்திலேயே கைகட்டிக்கொண்டு நின்றான்.

அதையாவது விழுங்கித் தொலைத்துவிட்டாள். மகன் கவின் விஷயத்தைத்தான் விழுங்க முடியவில்லை. பெற்றவளிடம் இருப்பது பிள்ளையையும் பிடித்துக்கொள்ளுமாம். நாலு வயசுப் பையனை இனிமேல் ராசிபுரத்தில் நாத்தனார் வளர்ப்பாளாம். வண்டியின் முதல் ஓட்டமே அதற்குத்தான். பையனின் துணிப்பை லாரி ஏறக் காத்துக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியதும் கிருத்திகா மளமளவென்று வேலையைப் பார்த்தாள். எல்லாம் போனில் ஒரு டாக்டரம்மா பேசியதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. முதலில் தரையில் உட்கார வேண்டும். முகத்தில் குளிர்ந்த தண்ணீர். நாக்கடியில் ஒரு துணுக்குப் புளி. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும்.

அப்புறம் கண்ணுக்குத் தெரிகிற ஐந்து. பீரோ. மின்விசிறி. காலண்டர். தண்ணீர்ச் சொம்பு. கவினின் ஒற்றைச் செருப்பு.

தொட்டுப் பார்க்க நான்கு. தரை, பாய், சுவர், சேலை முந்தானை.

காதில் விழுவது மூன்று. பக்கத்துப் பண்ணையில் கோழிகள் கொக்கரிக்கின்றன. யாரோ புது ஹாரனை அடித்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது, ஜன்னலுக்கு வெளியே ஆத்தாயி.

"என்ன பாவம் பண்ணுனானோ என்ற மகன், இப்படியொருத்தி வந்து வாச்சிருக்கறா."

அதைக் கேட்டுத்தான் நந்தகுமார் கண்ணைத் திறந்தான். மூச்சு சீராகியிருந்தது. வேர்த்து ஒழுகிய கையைக் கிருத்திகாவின் முந்தானையில் துடைத்தான். நாக்கடியில் கிடந்த புளியை எடுத்து, எச்சிலும் சளியுமாக அவள் உள்ளங்கையில் துப்பினான்.

வந்தது அவனுக்கு. எப்போதும் அவனுக்குத்தான்.

லாரிக்காரனுக்கு இப்படி வருகிறது என்று தெரிந்தால் எவன் லோடு கொடுப்பான், கொஞ்ச நாளைக்கு உனக்கு என்றே இருக்கட்டும் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியவன். பாவம் பார்த்துத் தலையாட்டினாள். அந்த நோவு அவளுக்கு ஒருநாளும் அருவருத்ததில்லை. யாருக்கும் வரும், பார்த்தால் சரியாகும். சேலத்தில் டாக்டரைப் பார்க்கலாம் என்று எத்தனையோ தடவை சொன்னாள். அவனுக்கு எதற்கு டாக்டர்? பேய் பிடித்த பொண்டாட்டி ஒருத்தி இருக்கும்போது!

"ஏனுங்க, இன்னைக்காச்சும் சொல்லீருங்க. பையன் போயிருவானுங்க."

"எங்க போறான், என்ற அக்கா ஊட்டுக்குத்தான? நாலு பேரு முன்னால மானத்த வாங்காத."

சொல்லிக்கொண்டே கண்ணாடி முன் நின்று தலை வாரினான். மீசையை வேறு நீவிவிட்டான். பூசாரியின் தண்ணீர் அப்படியே அவள் தொண்டைக்கு ஏறியது. உள்ளங்கை பிசுபிசுத்தது.

"இப்பப் பரவால்லைங்க அவளுக்கு" என்று வாசலில் போய்ச் சொன்னான். இந்தக் காலத்தில் எவன் இப்படிப் பார்ப்பான், தங்கமான புருஷன் என்றார்கள். அதையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினான்.

அவன் வண்டி எடுக்கும்போதெல்லாம் கிருத்திகா நிலைப்படியில் நின்று கையை மெதுவாக மேலே தூக்கி, மெதுவாகக் கீழே இறக்குவாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்து விடுவான். டாட்டா காட்டுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

இன்றைக்கு அவள் நிலைப்படியில் நிற்கவில்லை. புளியை உடைந்து கிடந்த பூசணிக்காய் மேல், ஈ மொய்க்கிற இடத்தில் வீசினாள். குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நேரே போய், மாமியார் இடுப்பிலிருந்த கவினைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏய், பையனத் தொடாத!" என்று ஆத்தாயி பதறினாள். கிருத்திகா இரண்டு கையாலும் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

நந்தகுமார் சாவியைத் திருகினான். எஞ்சின் உறுமியது. வழக்கம்போல் நிலைப்படியைப் பார்த்தான். ஆளில்லை. அப்புறம்தான் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடித்தான். அவள் கை எழவில்லை.

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. பழம் நசுங்கவில்லை. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சுக்கு அலைந்தான் நந்தகுமார். புதுச் சட்டை தொப்பலாக நனைந்தது.

"ஐயோ சாமி, என்னாச்சு?" என்று ஆத்தாயி அலறினாள்.

பழக்கதோஷம். மொத்தக் கூட்டமும் கிருத்திகாவைத் திரும்பிப் பார்த்தது.

அவள் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.