உண்ணாவிரதம்

"இன்னைக்கும் சாப்பிடலை," என்று சொல்லிக்கொண்டே வடிவாம்பாள் கூண்டுக்கு வெளியே சிதறிக் கிடந்த பழங்களைப் பொறுக்கினாள்.

முத்தையா சிரித்தார். "உண்ணாவிரதம் இருக்குது. வெள்ளைக்காரன் போற வரைக்கும் சாப்பிடாது போல." அந்த வேடிக்கை பொழுது சாய்வதற்குள் மலாக்காவின் காஜா பெராங் முழுக்கப் பரவிவிட்டது. ஐம்பத்தாறு பிப்ரவரியில் எல்லார் வாயிலும் விடுதலைப் பேச்சுதான்.

கூண்டில் இருந்தது ஓர் இருவாட்சி. ஆயர் குரோ காட்டோரம், பெரிய மரம் ஒன்றின் அடியில், எவனோ விட்ட கவண்கல் பட்டு இறக்கை தொங்கக் கிடந்ததாம். லோரி ஓட்டும் ஏகாம்பரம் அதைத் தூக்கி வந்து முத்தையா வீட்டுப் பின்கட்டில் இறக்கிவிட்டுப் போனான். முத்தையாவின் மனைவி வடிவாம்பாள் மஞ்சள் பத்துப் போட்டு இறக்கையைக் கட்டினாள். அலகில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

மறுநாளே ஊர் திரண்டுவிட்டது. ஒருவர் பப்பாளி கொடுத்தார், ஒருவர் வாழைத்தார் கொடுத்தார். மலாய் பேசும் தமிழர் வாழும் சிட்டிக் கம்பத்து மீனாச்சி கூடை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து வைத்து, "காசியான்" என்று மலாயில் பரிதாபப்பட்டுவிட்டுப் போனாள். நல்ல காரியம் என்றால் அதற்கும் ஒரு தலைவர் வேண்டுமே. யாரும் கேட்காமலே முத்தையா அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பறவையின் போக்குத்தான் யாருக்கும் பிடிபடவில்லை. ஒன்றிரண்டு பழத்தை மட்டும் விழுங்கும். மீதியைத் தொண்டையில் அடைத்து அடைத்துக் கழுத்து புடைத்துவிடும். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து, கம்பி இடுக்கில் நீட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் பழம் கீழே விழும். கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது, ரோஷக்காரப் பறவை என்று பார்க்க வந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை கட்டை அவிழ்த்ததும் அது பின்கட்டில் உத்தரத்துக்கு உத்தரம் பறந்தது. வடிவாம்பாள் நேரே கணவரிடம் போனாள்.

"இறக்கை தேறிடுச்சுங்க. இன்னைக்கே ஏகாம்பரத்தோட அனுப்பிடுங்க. இன்னும் வச்சிருந்தா ஏங்கியே செத்துப்போயிடும்."

முத்தையா வேறு கணக்குப் போட்டிருந்தார். லண்டனில் விடுதலையைப் பேசி முடித்துவிட்டு நாட்டுத் தலைவர் திங்கட்கிழமை மலாக்காவுக்கு வருகிறார், பண்டார் ஹிலிர் திடலில் பெருங்கூட்டம். அன்றைக்கு விட்டால்தான் அதற்கு ஓர் அர்த்தம். பழம் கொடுத்தவர்கள் எல்லாரும் வந்து பார்க்க வேண்டாமா? போட்டோ பிடிக்கவும் ஆள் சொல்லியாகிவிட்டது.

"நாடே இத்தனை வருஷம் காத்திருந்துச்சு, வடிவு. இது நாலு நாள் காத்திருக்காதா?"

வடிவாம்பாள் பழம் பொறுக்கப் போய்விட்டாள். இன்னும் பேசியிருக்கலாம்.

திங்கட்கிழமை திடல் கொள்ளாத கூட்டம். முத்தையா அங்கேயே கூண்டைத் திறக்கத்தான் ஆசைப்பட்டார். ஊருக்குள் விட்டால் காக்கைகள் கொத்தியே கொன்றுவிடும் என்று ஏகாம்பரம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். கூட்டம் கலைந்ததும் வடிவாம்பாளையும் ஏற்றிக்கொண்டு லோரி நிறைய ஆட்களோடு ஆயர் குரோவுக்குப் போனார்கள். கூண்டுக்கு ரிப்பன் கட்டியிருந்தது. வழியெல்லாம் பறவை மீனாச்சியின் அத்திப்பழங்களைத் தொண்டையில் திணித்துக்கொண்டே வந்தது.

அது கிடந்த அதே மரத்தடியில் முத்தையா ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். "மெர்டேக்கா" என்று எல்லாரும் விடுதலை முழக்கமிட, கூண்டைத் திறந்தார்.

பறவை காட்டுக்குள் போகவில்லை. நேரே அந்த மரத்துக்கே பறந்து, அடிமரத்தைப் பற்றிக்கொண்டு தொங்கியது. அங்கே ஒரு பொந்து, விரல் நுழைகிற கீறல் மட்டும் விட்டுச் சேற்றால் பூசி அடைத்திருந்தது. பறவை அந்தக் கீறலில் ஓர் அத்திப்பழத்தை நீட்டியது. பழம் கீழே விழுந்தது. இன்னொன்றை நீட்டியது. அதுவும் விழுந்தது.

சாமிக்குப் படைக்கிறது என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். பழங்கள் விழுந்துகொண்டே இருந்தன. சிரிப்பு மெல்ல நின்றது.

ஏகாம்பரம் லோரியை மரத்தை ஒட்டி நிறுத்தி, கூரைமேல் ஏறி, இரும்புக் கம்பியால் சேற்றை உடைத்தான். உள்ளே கை விட்டு முதலில் பெட்டையை எடுத்தான். அடைகாக்கையில் இறக்கைச் சிறகெல்லாம் உதிர்ந்துபோய், பறக்க வழியில்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது. வெறும் எலும்பாக விறைத்திருந்தது.

"குஞ்சும் இருக்கு, ஆச்சி," என்று இன்னொன்றை எடுத்து, குனிந்து வடிவாம்பாளின் கையில் வைத்தான். அதன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. ஆண் பறவை பக்கத்துக் கிளையில் அலகு நுனியில் பழத்தோடு உட்கார்ந்திருந்தது.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. முத்தையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாவம். இதுக்குக் கல்லடி பட்ட ரெண்டொரு நாள்லயே அதுங்க போயிருக்கும். நாம என்ன செய்ய முடியும்?"

வடிவாம்பாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குஞ்சின் வயிற்றில் வைத்து அழுத்தினாள்.

"இன்னும் சூடு ஆறலைங்க."