பட்டியலில் மூன்றாமிடம்

"நான் யோரிஸைக் கட்டமாட்டன் அம்மா!" தர்மினி கத்தியது கெங்க் நகரத்து மாடிவீடு முழுக்கக் கேட்டது.

"விசர்க்கதை கதையாதை! கவனிக்க வேண்டிய பெல்ஜிய இளம் வீரரிலை உன்ர பிள்ளை மூண்டாமிடமடி!"

தர்மினிக்கும் மேல்மாடி யோரிஸுக்கும் இனிப் பிறக்கக்கூடிய பிள்ளையை, இருவரின் இரத்தத்தையும் சோதித்துப் பார்த்தே, இடதுகால் ஆட்டக்காரன் என்று உதைபந்தாட்டக் கழகம் பட்டியலில் போட்டிருந்தது. வெள்ளைக்காரன் வாசல் மிதிக்கக்கூடாது என்றிருந்த தாய் மங்களேஸ்வரி, இப்போது அவனுக்குத் தினமும் தோசை அனுப்பினாள்.

"எனக்கு அவனைப் பிடிக்கேல்லை."

"உனக்குப் பிடிக்காட்டி என்ன, நாட்டுக்குப் பிடிச்சிருக்கே!"

ஆவணியில் தர்மினி ஒரு பல் வைத்தியரைக் கட்டிக்கொண்டு நோர்வேக்குப் போய்விட்டாள். மூன்றாமிடத்துக்கு நேரே கழகம் 'காயம்' என்று போட்டது. பேத்தி பிறந்த பிறகும் மங்களேஸ்வரி மருமகனுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெல்ஜியத்தின் இடதுகாலைக் கெடுத்தவர் அல்லவா?